வசந்தமும் வைத்தியசாலையும்: பெருந்தொற்றுக் காலத்து ஓவியம் பற்றி ஒரு நோக்கு

ஊரெங்கும் மக்கள் நோயால் மடிந்துகொண்டிருக்கும்போது ஒருவன் தூரிகையை எடுத்துப் பூ வரைந்துகொண்டிருத்தல் தகுமா? இவ்வினாவுக்கு நம்மிடையே இருவகை விடைகள் உடனடியாகக் கிடைக்கின்றன. தகாது, அது பொறுப்பற்ற செயல் என்பர் ஒரு சாரார். கலையே துன்பத்துக்கு மருந்து, ஆதலால் வரைவதே சேவை என்பர் மறு சாரார். கொரோனாப் பெருந்தொற்றுப் பரவிய 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் இவ்விரு குரல்களையும் நாம் மாறிமாறிக் கேட்டோம். இரண்டும் ஆராயாது கூறப்பட்ட விடைகள் என்பதே எமது கருத்து. அத்தூரிகை எவருடைய கையில் இருந்தது, எத்தகைய சூழலில் இயங்கியது, எவருடைய உழைப்பின் மேல் நின்று இயங்கியது என்று கேளாமல் வழங்கப்படும் எந்தத் தீர்ப்பும் விமர்சனம் ஆகாது. எனவே அக்காலத்து ஓவிய முயற்சிகள் சிலவற்றை எடுத்து, அவற்றை அவை தோன்றிய நிலைமைகளோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் பேசப்பட வேண்டியவர் ஆங்கில ஓவியரான டேவிட் ஹொக்னி. 1937 ஆம் ஆண்டு யோக்ஷயரிலுள்ள பிராட்போர்ட் நகரில் எளிய குடும்பமொன்றிற் பிறந்தவர். தந்தை ஒரு எழுதுவினைஞர், போரை எதிர்த்தவர். மகனும் கட்டாய இராணுவ சேவையை மறுத்து, 1957 முதல் 1959 வரை அதற்கு ஈடாக வைத்தியசாலைகளில் ஊழியம் புரிந்தார். இன்று உலகின் மிக விலைபெறும் ஓவியர்களில் ஒருவராக அவர் கணிக்கப்படுகிறார். அவருடைய பழைய ஓவியம் ஒன்று 2018 நவம்பரில் 9 கோடி டொலருக்கு மேல் ஏலம் போயிற்று. அப்பணம் ஓவியருக்குச் சேரவில்லை. அதை உடைமையாக வைத்திருந்தவருக்கே சேர்ந்தது. கலைச் சந்தையின் இயல்பை இந்த ஒரு செய்தியே உணர்த்தும்.

ஹொக்னி 2019 இல் பிரான்சின் நோர்மண்டிப் பகுதியிலே பழைய பண்ணை வீடொன்றை வாங்கிக் குடியேறினார். அங்கே வசந்தத்தின் வருகையை வரைய வேண்டும் என்பது பெருந்தொற்றுக்கு முன்னரே அவர் கொண்டிருந்த திட்டம். 2020 மார்ச்சில் பிரான்சு முழுவதும் அடைக்கப்பட்டபோது, உதவியாளரோடு அவ்வீட்டிலேயே தங்கி, ஐபாட் என்னும் கையடக்கத் திரையில் நாள்தோறும் வரைந்தார். வெறுங்கிளையாய் நின்ற மரம், அரும்பு, பூ, தளிர், மழையில் நனைந்த குளம், விடியற்காலை, நிலவொளி என ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த அப்படங்களில் 116 தேர்ந்தெடுக்கப்பட்டு, பெரிதாக அச்சிடப்பட்டு, 2021 மே முதல் செப்டெம்பர் வரை லண்டன் றோயல் அக்கடமியிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவ்வாண்டின் படங்களை ஒன்றோடொன்று இணைத்து ஏறத்தாழ 90 மீற்றர் நீளமான தொடரோவியம் ஒன்றையும் அவர் ஆக்கினார். அதற்குத் தூண்டுதலாயிருந்தது அதே நோர்மண்டியிலுள்ள பேயோ நகரிற் பாதுகாக்கப்படும், ஏறத்தாழ 70 மீற்றர் நீளமான பதினொராம் நூற்றாண்டுப் பூத்தையற் சீலை.

மார்ச் மாத நடுப்பகுதியில் அவர் வெளியிட்ட மஞ்சள் நிற டஃபடில் மலர்களின் படம் ஒன்று உலகெங்கும் பரவிற்று. வசந்தத்தை எவராலும் நிறுத்தி வைக்க முடியாது என்பதை நினைவிற் கொள்ளுங்கள் என்ற கருத்தே அப்படத்தின் தலைப்பு. விளையாட்டுப் போட்டி, திருமணம், பரீட்சை, விமானப் பயணம் என எல்லாம் நிறுத்தப்பட்டிருந்த வேளையில் அத்தலைப்புப் பலருக்கு ஆறுதலாயிற்று.

முற்போக்கு முகாமைச் சேர்ந்த நம்மிற் சிலர் இவ்விடத்தே உடனடியாகத் தீர்ப்பை எழுதிவிடுவர். இது தப்பியோடும் கலை, பூர்ஷ்வாவின் தோட்டத்துப் பூ, இதிலே மக்கள் இல்லை என்பர். இத்தீர்ப்பில் உண்மை ஒருகூறு உண்டு. அப்படங்களிலே வீடு உண்டு, குளம் உண்டு, மரம் உண்டு. மனிதர் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் மனித உருவம் உண்டா இல்லையா என்று எண்ணிப் பார்த்துக் கலையை மதிப்பிடுவதாயின், அதற்கு விமர்சகன் வேண்டியதில்லை, கணக்கன் போதும்.

தமிழ் மரபு இவ்விடயத்திலே நமக்கு நல்லதோர் அளவுகோலைத் தந்திருக்கிறது. தொல்காப்பியர் செய்யுட் பொருளை முதல், கரு, உரி என வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் புள்ளும் பூவும் கருப்பொருள். மாந்தரது உணர்வொழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றிலும் சிறந்து நிற்பது உரிப்பொருளே என்பது நம் இலக்கணத்தின் துணிபு. முல்லை நிலமும் மாலைப் பொழுதும் வெறும் வருணனைக்காக வருவன அல்ல. காத்திருக்கும் ஒருத்தியின் நெஞ்சை உணர்த்தவே வருகின்றன. இயற்கையைப் பாடினான் என்பதற்காக நாம் எந்தச் சங்கப் புலவனையும் குறைகூறுவதில்லை. அவ்வியற்கைக்குப் பின்னே எத்தகைய மனித வாழ்வு நிற்கிறது என்றுதான் கேட்கிறோம்.

அதே கேள்வியை ஹொக்னியிடமும் கேட்போம். அவருடைய படங்களில் முதலும் கருவும் நிறைய உண்டு. உரிப்பொருள் எங்கே? எமது விடை இது: 2020 இன் வசந்தத்தில் அவ்வுரிப்பொருளைப் பார்ப்பவர்களே கொண்டுவந்தனர். நான்கு சுவர்களுக்குள் அடைபட்டு, உறவினரின் மரணச் சடங்குக்கும் போக முடியாதிருந்த ஒருவர், கைத்தொலைபேசியின் உள்ளங்கையளவு திரையில் அம்மஞ்சட் பூவைக் கண்டபோது, அவருடைய பிரிவும் ஏக்கமும் அச்சமும் அப்படத்துக்குட் புகுந்து அதை நிறைவாக்கின. ஓராண்டின் பின்னர் அதே படம் ஆளுயரத்துக்குப் பெருப்பிக்கப்பட்டு மண்டபச் சுவரில் தொங்கியபோது அந்நிறைவு குன்றியது இயல்பே. திரையில் ஒளியாய் நின்ற பச்சை, தாளில் அச்சானதும் தட்டையாகிறது. விரைவாக இடப்பட்ட புள்ளியும் கோடும், பெருப்பிக்கப்பட்டதும் ஒரே அச்சில் வார்த்தவை போன்று மீண்டும் மீண்டும் வருகின்றன. கலைப்படைப்பின் பெறுமதி அதற்குள்ளேயே முழுவதும் அடங்கியிருக்கிறது என்று வாதிடும் தூய அழகியலாளர்க்கு இவ்வொரு படத்தின் வரலாறே போதிய மறுப்பாகும்.

ஆயினும் நாம் கற்கவேண்டிய ஒன்று ஹொக்னியிடம் உண்டு. அது அவருடைய பயிற்சி. ஒரே மரத்தை வெறுங்கிளையாகவும், அரும்பாகவும், பூவாகவும், இலையாகவும் திரும்பத் திரும்ப வரைந்தவர் அதைப்பற்றி அறிந்துகொள்வது, ஒருமுறை கண்டு வியந்து போகிறவன் அறிவதினின்றும் வேறானது. இப்பயிற்சியைப் பெருந்தொற்று அவருக்குக் கற்பிக்கவில்லை. 2011 இல் யோக்ஷயரிலே இதே கருவியைக்கொண்டு இதே வசந்த வருகையை அவர் வரைந்திருந்தார். பின்னால் ஒளியுள்ள திரை ஆதலால் விடியுமுன் இருளில் விளக்கின்றி வரையலாம். வண்ணம் குழைக்கவோ காயும்வரை காத்திருக்கவோ வேண்டியதில்லை. இருபது, முப்பது ஆண்டுகளாகத் தளராமற் பேணப்பட்ட ஓர் ஒழுங்கு நெருக்கடி வந்தபோதும் அறுபடவில்லை என்பதே இங்கு நாம் காணும் உண்மை. நெருக்கடிக் காலத்திற் கலை திடீரென ஊற்றெடுக்கிறது என்பது கற்பனை. முன்னரே தோண்டி வைத்த கிணற்றிலேதான் கோடையிலும் நீர் நிற்கும்.

ஆனால் அக்கிணறு யாருடைய காணியில் இருந்தது என்பதையும் கேட்க வேண்டும். வசந்தத்தை நிறுத்த முடியாது என்பது இயற்கையைப் பொறுத்தவரை உண்மை. வசந்தத்தைக் காணும் உரிமையோ நிறுத்தப்பட்டது. 2020 மார்ச்சில் பிரான்சில் வீட்டைவிட்டு வெளியேறுவதற்குக் காரணம் குறித்த பத்திரம் ஒன்றை நிரப்பிக் கையிற் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. உடற்பயிற்சிக்காக வெளியேறுபவர், நாளுக்கு ஒரு மணி நேரம், வீட்டிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு உட்பட்டே நடக்கலாம். பாரிசின் பூங்காக்கள் பூட்டப்பட்டிருந்தன. மாநகரின் புறத்தே அடுக்குமாடி வீடுகளிற் பல பேராக ஒடுங்கியிருந்த தொழிலாளர் குடும்பத்துக்கு அவ்வாண்டு செரிமரம் பூத்ததா என்பதே தெரிந்திராது. அவர்களிற் பலர் மற்றவர் வீட்டுக்குள் இருப்பதற்காகத் தாம் வெளியே சென்று உழைத்தவர்கள்; கடைகளிற் பொருள் அடுக்கியவர்கள், பொதி சுமந்தவர்கள், வைத்தியசாலைத் தரையைத் துடைத்தவர்கள். தோட்டத்து ஓவியரின் அமைதிக்கும் இவர்களுடைய அலைச்சலுக்கும் தொடர்பு உண்டு. அத்தொடர்பு படத்தில் இல்லை என்பதே ஹொக்னி மீது நாம் கூறும் குறை. அவர் பூவை வரைந்தார் என்பது குறையன்று.

மறுபுறத்தே, இத்தொழிலாளரையே பொருளாகக் கொண்ட ஓவியங்களும் அக்காலத்தில் எழுந்தன. மெக்சிக்கோவிற் பிறந்து நியூயோர்க்கை வாழிடமாகக் கொண்ட அலிசா நிசென்பாம் அவற்றை வரைந்தோருள் குறிப்பிடத்தக்கவர். நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியில் குடியேறிய மக்களுக்குக் கலை வரலாற்றின் மூலம் ஆங்கிலம் கற்பித்து, அம்மாணவரையே அமர்த்தி வரைந்து தமது கலையை வளர்த்தவர். பின்னர் லண்டன் சுரங்க ரயில் ஊழியரையும் வரைந்தவர். எதிரே மனிதரை இருத்தி, மணிக்கணக்காகப் பேசிக்கொண்டே வரைவது அவருடைய முறை. 2020 இல் லிவர்பூல் நகரத்து வைத்தியசாலை ஊழியரை வரையவேண்டியிருந்தபோது பயணம் தடைப்பட்டது. கணினித் திரையின் வழியே அவர்களோடு நீண்ட நேரம் உரையாடி, அவர்களுடைய அனுபவங்களைக் கேட்டபடியே அவர் வரைந்தார். அந்நகரத்துச் சிறுவர் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவினரது கூட்டுப் படம் உள்ளிட்ட அவ்வோவியங்கள், அவ்வாண்டு டிசெம்பரில் லிவர்பூல் ரேற் கலைக்கூடத்தில் வைக்கப்பட்டன.

இதே காலத்தில் ரொம் குரொவ்ற் என்னும் ஆங்கில உருவப்பட ஓவியர், தம்மை முதலில் அணுகும் சுகாதார ஊழியர் ஒருவரை இலவசமாக வரைந்து கொடுப்பதாக இணையத்தில் அறிவித்தார். வேறு ஓவியர்களையும் அவ்வாறு செய்ய அழைத்து, ஊழியரையும் ஓவியரையும் இணைத்துவிட்டார். நூற்றுக்கணக்கான ஓவியர்கள் முன்வந்தனர். தொழிலற்றுத் தனித்திருந்த பல ஓவியர்க்குத் தம் பயிற்சியைத் தொடர ஒரு காரணமும், எதிரே ஒரு மனித முகமும் இதனாற் கிடைத்தன. படங்களைச் சந்தைக்காக வரையாமல் வரையப்பட்டவருக்கே கொடுத்த இவ்வேற்பாடு சிறிது காலமேனும் ஓவியத்தைப் பண்டம் என்னும் நிலையிலிருந்து மீட்டது. இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் இங்கும் விமர்சனம் உறங்கிவிடலாகாது. 2020 மார்ச் 26 முதல் மே 28 வரை வியாழக்கிழமை தோறும் பிரித்தானிய மக்கள் வாசலில் நின்று சுகாதார ஊழியருக்காகக் கைதட்டினர், அமைச்சர்களும் தட்டினர். 2021 மார்ச்சில் அதே அரசாங்கம் இங்கிலாந்தின் சுகாதார ஊழியருக்கு முன்மொழிந்த சம்பள உயர்வோ நூற்றுக்கு 1 வீதம். எதிர்ப்பு வலுத்த பின்னரே ஜூலையில் அது 3 வீதமாயிற்று. வீரர் என்று போற்றுவது சிலவேளை உரிமையைக் கொடாதிருப்பதற்கான வழியாகவும் அமையும். வீரனுக்குச் சம்பளம் எதற்கு, படம் போதாதா என்று ஆளும் வர்க்கம் கேளாமற் கேட்கும். எனவே தாதியை வரைந்துவிட்டதனால் மட்டும் ஓர் ஓவியம் முற்போக்கானது ஆகிவிடாது. அத்தாதியை ஒளிவட்டம் சூட்டிய தெய்வமாகக் காட்டுகிறதா, களைத்த கால்களும் கோபமும் நகைச்சுவையும் வீட்டுக் கவலையும் உள்ள தொழிலாளியாகக் காட்டுகிறதா என்பதே கேள்வி. நிசென்பாமின் சிறப்பு இங்கேதான். அவருடைய பளிச்சென்ற வண்ணங்களுக்கிடையே அமர்ந்திருப்போர் ஒரே வார்ப்பான வீரர்கள் அல்லர். ஒருவரையொருவர் ஒவ்வாத தனித்தனி மனிதர்கள், எனினும் ஒரு குழுவாக உழைப்பவர்கள்.

முன்னைய பெருந்தொற்று ஒன்றையும் இவற்றோடு ஒப்புநோக்குதல் பயன் தரும். 1918 பெப்ரவரியில் குஸ்ராவ் கிளிம்ற் வியன்னாவில் இறந்தபோது, இளைய ஓவியர் ஈகொன் ஷீலே பிணவறைக்குச் சென்று அவருடைய முகத்தை வரைந்தார். அவ்வாண்டு ஒக்ரோபரில் அக்காலத்து இன்புளுவென்சாக் காய்ச்சல் ஷீலேயின் கருவுற்றிருந்த மனைவியைத் தாக்கிற்று. இறந்துகொண்டிருந்த அவளையும் அவர் வரைந்தார். ஒக்ரோபர் 28 இல் அவள் இறந்தாள்; மூன்று நாளின் பின் அவரும் இறந்தார். வயது 28. அடுத்த ஆண்டில் நோர்வேயின் எட்வர்ட் மூங்க், அக்காய்ச்சலின் பெயரையே தலைப்பிற் கொண்ட தன்னுருவப்படம் ஒன்றைத் தீட்டினார். கலைந்த படுக்கையருகே பிரம்பு நாற்காலியில் போர்வையோடு அமர்ந்து, வாய் சற்றே திறந்தபடி அவர் நம்மை நோக்கியிருக்கிறார். இவ்வோவியங்களில் ஆறுதல் இல்லை. சாவின் முன்னும் கண்ணை மூடமாட்டேன் என்ற பிடிவாதம் உண்டு. ஆயினும் இவை தன்னையும் தன் வீட்டையும் கடந்து செல்லாதவை. அக்காய்ச்சல் கோடிக்கணக்கானோரைக் கொன்ற ஒன்று; போரினால் வறுமையுற்ற உலகைச் சூறையாடிய ஒன்று. அச்செய்தி அப்படுக்கையறைகளுக்குள் நுழையவில்லை.

தன் வீட்டைக் கடந்தவர் என்று நாம் சுட்டக்கூடியவர் ஜேர்மனியின் கேத்தே கொல்விற்ஸ். அவருடைய கணவர் பேர்லினின் தொழிலாளர் பகுதியொன்றில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். வைத்திய அறைக்கு வந்த தாய்மாரையும் நோயுற்ற குழந்தைகளையும் கொல்விற்ஸ் நாள்தோறும் கண்டார், அவர்களுடைய கதையைக் கேட்டார், கரித்துண்டால் வரைந்தார். 1914 இல் அவருடைய இளைய மகன் போரில் இறந்தான். அத்துயரிலும் அவர் கை ஓயவில்லை. 1920 இல் வியன்னாவின் பட்டினி கிடந்த குழந்தைகளுக்காக அவர் ஆக்கிய சுவரொட்டி, நோயும் பசியும் ஒரே வேரில் முளைப்பவை என்பதைக் கண்டவரின் படைப்பு. ஹொக்னியின் இடையறாப் பயிற்சியும், நிசென்பாமின் செவிமடுக்கும் பண்பும், மூங்கின் அஞ்சாத பார்வையும் ஒருசேரச் சமுதாய உணர்வோடு இணையுமிடத்து எத்தகைய கலை பிறக்கும் என்பதற்குக் கொல்விற்ஸ் ஒரு சான்று.

இவற்றால் நமது பாடசாலைகளுக்கு ஆவது என்ன? ஆசிரியராகிய நாம் இவ்வினாவைத் தவிர்க்க முடியாது. இலங்கையில் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. பின்னரும் திறப்பதும் மூடுவதுமாகவே இரு ஆண்டுகள் கழிந்தன. ஒரு கைத்தொலைபேசியை அண்ணனும் தங்கையும் பங்கிட்ட வீடுகளில் கணிதமும் விஞ்ஞானமுமே இடம்பெற்றன. சித்திரப் பாடம் முதலிற் கைவிடப்பட்டது. கைவிடப்படாத இடங்களிலோ பெரும்பாலும் போட்டிகளே நடந்தன. முள்முளைத்த உருண்டையாய் ஒரு கிருமி, அதை உதைக்கும் ஒரு வைத்தியர், மேலே கூப்பிய இரு கைகள் என ஒரே படத்தையே எல்லாப் பிள்ளைகளும் பார்த்து வரைந்தனர். தம் வீட்டு முற்றத்தை அவர்கள் வரையவில்லை. வேலையின்றித் திண்ணையில் இருந்த தந்தையை வரையவில்லை. வரையலாம் என்று நாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவுமில்லை. பின்னர் 2022 இல் பொருளாதார நெருக்கடி முற்றியபோது, தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. பரீட்சைக்கே தாள் இல்லாத நாட்டில் பிள்ளைக்குச் சித்திரத் தாள் எங்கிருந்து வரும்?

ஆகவே ஓவியப் பயிற்சியைத் தொடர்வது மனவுறுதி ஒன்றினால் ஆகும் காரியமன்று. அதற்கு நேரம் வேண்டும், இடம் வேண்டும், தாளும் நிறமும் வேண்டும், பார்க்கக் கற்பிக்கும் ஆசிரியன் வேண்டும். நேரமும் இடமும் தாளும் சமமாகப் பங்கிடப்படாத சமுதாயத்திலே, தொடர்ந்து வரைந்தவனைத் திறமைசாலி என்றும் கைவிட்டவனைச் சோம்பேறி என்றும் கூறுவது அநீதி. மனவுறுதியைப் பற்றி நூறு உபதேசம் செய்வதிலும், ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவர்க்கும் ஒரு வெற்றுக் கொப்பியும் ஒரு பென்சிலும் கிடைக்கச் செய்வது மேல்.

கிடைத்த பின் என்ன செய்வது என்பதற்கும் நாம் கண்ட உதாரணங்களிலே வழி உண்டு. வேலியோரத்து முருங்கையை ஒரு மாதம் நாள்தோறும் வரையச் சொல்லலாம். அது ஹொக்னியிடம் கற்பது. அயலிலே உழைக்கும் ஒருவரோடு அமர்ந்து பேசிக்கொண்டே அவரை வரையச் சொல்லலாம். படத்தை அவருக்கே கொடுக்கச் சொல்லலாம். அது நிசென்பாமிடமும் குரொவ்ற்றிடமும் கற்பது. அம்முகத்திலே தெரியும் களைப்புக்குக் காரணம் யாது என்று வகுப்பிலே கேட்கலாம். அது கொல்விற்ஸிடம் கற்பது. இம்மூன்றுக்கும் பெருஞ் செலவு இல்லை. புள்ளியும் பரிசும் இல்லாமலும் இவை நடக்கும்.

முதலிலே எழுப்பிய வினாவுக்கு நம் விடை இதுவே. நோயின் நடுவே பூ வரைவது தகும். ஆனால் பூவைக் காணும் முற்றமும் வரையும் தாளும் சிலர்க்கே உரியனவாய் இருக்கும் நிலை தகாது. வசந்தத்தை எவராலும் நிறுத்த முடியாது என்று சொல்லும் உரிமை, அவ்வசந்தம் எல்லார் வாசலுக்கும் வரவேண்டும் என்று போராடுகிறவர்க்கே முழுமையாக உண்டு. அடுத்த நெருக்கடி எப்போது வரினும், அதற்கு முன்னரே நம் பிள்ளைகளின் கையிற் பென்சிலும் கண்ணிற் பயிற்சியும் இருக்கும்படி செய்வது ஆசிரியராகிய நம் கடமை; தாளுக்கும் நேரத்துக்கும் வழிசெய்யுமாறு அதிகாரத்தில் உள்ளோரைக் கேட்பதும் அக்கடமையின் பாற்பட்டதே.